விளையாட்டுக்கும் ஒரு கணக்கு

சென்ற ஆண்டு ஒரு மாதத்தின் 6ஆம் தேதி காலையில், பெங்களூருவில் நான் பணியாற்றும் கிளைக்கு மூன்று இளைஞர்கள் ஒன்றாக வந்தனர். மாரத்தஹள்ளிப் பகுதியில் ஒரே வீட்டைப் பகிர்ந்து குடியிருப்பவர்கள் அவர்கள். ஒருவர் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் தமிழர். நம் வங்கியின் வாடிக்கையாளர். மற்றவர்களில் ஒருவர் கேரளத்தவர், இன்னொருவர் ஆந்திரத்தவர். வீட்டு வாடகைக்காக நம் வாடிக்கையாளர் கொடுத்திருந்த நிலை அறிவுறுத்தல், போதிய இருப்பு இல்லாமையால் முந்தைய நாள் நிறைவேறவில்லை. வீட்டு உரிமையாளர் மூவருக்குமே செய்தி அனுப்பிவிட்டார். தத்தம் பங்கை முதல் தேதியே கொடுத்துவிட்ட மற்ற இருவரும் திகைத்துப் போயிருந்தனர்.

"இவர் இரவெல்லாம் கணினியில் விளையாடுகிறார், சார். பணம் அதில்தான் போயிருக்க வேண்டும்" என்றார் ஒருவர். சூதாட்டம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஆனால் அதைத்தான் குறிப்பிடுகிறார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது. நம் வாடிக்கையாளரின் முகம் சிவந்துவிட்டது. "நான் பணம் வைத்து ஆடுபவன் அல்லன். கணக்கு அறிக்கையைக் கொடுங்கள், சார். இவர்களே பார்க்கட்டும்" என்றார். அவர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதால் அறிக்கையை அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசையின் மீது விரித்து வைத்தார்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர்கள் மூவரும் கற்றுக்கொண்டது சில. நான் கற்றுக்கொண்டதும் சில. அவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்களுடைய இசைவு பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறிக்கை காட்டிய உண்மை

மூவரின் வீட்டுச் செலவு மாதம் 46,500 ரூபாய். வாடகை 36,000, பராமரிப்புக் கட்டணம் 3,000, சமையல் செய்பவருக்கு 4,500, மின்சாரம், இணையம், எரிவாயு, குடிநீர் ஆகியவற்றுக்கு 3,000. ஆளுக்கு 15,500 ரூபாய். ஒப்பந்தம் நம் வாடிக்கையாளரின் பெயரில் இருந்ததால், மற்ற இருவரும் தம் பங்கை அவருடைய சம்பளக் கணக்கிற்கே அனுப்பி வந்தனர்.

அவருடைய கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். நண்பர்களின் பங்கு 31,000 ரூபாய் வந்து சேர்ந்ததும், முதல் தேதியன்று கைபேசியில் தெரிந்த இருப்பு 79,000 ரூபாய். அதன் பின் நடந்தது இது: ஊரிலுள்ள பெற்றோருக்கு 10,000 அனுப்பினார். விளையாட்டுக்கு உகந்த புதிய கணினித் திரை ஒன்றை 17,000 ரூபாய்க்கு வாங்கினார். கடன் அட்டைக்கு 9,800 செலுத்தினார். விளையாட்டுக்குள் வாங்கும் நாணயங்கள், உடைகள் முதலியவற்றுக்குப் பதினொரு சிறு தொகைகளாக 5,600 ரூபாய் சென்றது. மீதம் 36,600. வாடகைக்கு இது போதும் என்றே அவர் எண்ணியிருந்தார். ஆனால் 5ஆம் தேதி காலையில் மடிக்கணினிக்கான மாதத் தவணை 6,200 ரூபாய் முதலில் பற்று வைக்கப்பட்டது. எஞ்சியது 30,400. வாடகை 36,000 ரூபாய் போகவில்லை.

அறிக்கையில் சூதாட்டம் என்று சொல்லத்தக்க ஒரு வரிகூட இல்லை. மறைப்பதற்கும் எதுவும் இல்லை. நண்பர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். ஆயினும் கேரள நண்பர் சற்று நேரம் கழித்துச் சொன்னதை நான் மறக்கவில்லை: "நீ விளையாடுவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் பணத்தை உன் பணம் என்று நினைத்துவிட்டாயே, அதுதான் வருத்தம்."

இக்கட்டுரையின் பாடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. கணக்கில் தெரிந்த 79,000 ரூபாயில் அவருடையது 48,000 மட்டுமே. அதிலும் வீட்டுக்கான தம் பங்கு, பெற்றோருக்கு அனுப்புவது, தவணை ஆகிய மூன்றும் போக உண்மையில் அவர் விருப்பம்போல் செலவிடத்தக்கது 16,300 ரூபாய். அவர் செலவிட்டதோ 32,400 ரூபாய். வேறுபாடு 16,100. வீட்டுக் கணக்கில் விழுந்த துண்டும் அதே 16,100தான். கைபேசி காட்டுவது கணக்கின் இருப்பை. நாம் செலவிடக்கூடிய தொகையை அன்று.

பொழுதுபோக்கு குற்றமாகாது

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பதைக் கடந்த எனக்கும் தொடக்கத்தில், "விளையாட்டுக்கு இவ்வளவா?" என்ற எண்ணமே எழுந்தது. அவருடைய அன்றாடத்தைக் கேட்ட பின் அவ்வெண்ணம் மாறியது. காலை 10 மணி முதல் இரவு 7 மணி வரை அலுவலகம். நெரிசலில் வீடு திரும்ப 8 மணி. சாப்பிட்டு, தம் முறை வரும் நாளில் பாத்திரம் துலக்கி, 9.30 மணிக்குக் கணினி முன் அமர்கிறார். பள்ளித் தோழர்கள் நால்வர், ஒருவர் புனேயில், ஒருவர் கோவையில், என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே அணியாக இணைந்து விளையாடுகின்றனர். விளையாடிக்கொண்டே ஊர்க்கதைகள் பேசுகின்றனர். முன்பெல்லாம் தெருமுனையில் கேரம் பலகையைச் சுற்றி நடந்ததுதான் இப்போது ஹெட்போன் வழியாக நடக்கிறது.

சூதாட்டத்தையும் பொழுதுபோக்கையும் சட்டமே வேறுபடுத்துகிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், மின்னணு விளையாட்டுப் போட்டிகள், சமூக விளையாட்டுகள், பண விளையாட்டுகள் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பணம் கட்டி, பணமாக வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடப்படும் மூன்றாம் வகையை அச்சட்டம் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்திற்கு வங்கிகள் துணைநிற்பதையும் தடுக்கிறது. முதல் இரண்டு வகைகளும் அத்தடைக்குள் வருவதில்லை.

அதே வேளையில், எல்லை மீறுவதற்கும் வரையறை உண்டு. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: விளையாடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளை விட விளையாட்டுக்கு மேலிடம் தருதல், தீங்கு விளைந்த பின்னும் தொடர்தல். வேலை, குடும்பம், நட்பு ஆகியவற்றைக் கடுமையாகப் பாதிக்கும் வகையில் இந்நிலை பொதுவாக 12 மாத காலமாவது நீடித்தால்தான் அது கோளாறாகக் கருதப்படும். அத்தகையோருக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்தி வருகிறது. அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐயும் எவரும் அழைக்கலாம். நம் வாடிக்கையாளருக்கு அவை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு கணக்கு முறை மட்டுமே.

ஒரு வீடு, மூன்று பணப்பைகள்

பணியில் சேர்ந்த புதிதில் நாக்பூரில் நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். சமையலறைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்கும். பால் வாங்கினாலும் அதில் எழுத வேண்டும். வீட்டுப் பணம் ஒரு தகர டப்பாவில் இருக்கும். அதிலிருந்து எவரும் சினிமாவுக்கு எடுக்க மாட்டோம். நாங்கள் நல்லவர்கள் என்பதைவிட, டப்பா தனியாக இருந்தது என்பதே அதற்குக் காரணம். இன்று டப்பாவும் சட்டைப்பையும் கைபேசியில் ஒன்றாகிவிட்டன. ஆகவே அவற்றை நாமே பிரிக்க வேண்டியிருக்கிறது. அம்மூவருக்கும் நான் கூறிய முறை இது.

முதலாவது, வீட்டுப் பை. வீட்டுச் செலவுக்கென ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாளே மூவரின் பங்கும் தானாகவே அதற்குச் செல்லுமாறு நிலை அறிவுறுத்தல் கொடுக்கலாம். வாடகையும் மற்ற வீட்டுச் செலவுகளும் அதிலிருந்து மட்டுமே போக வேண்டும். அக்கணக்கிற்குரிய பற்று அட்டையையும் யுபிஐ இணைப்பையும் வேறெந்தச் செலவுக்கும் பயன்படுத்தலாகாது. கணக்கு ஒருவர் பெயரில் இருந்தால், மாத அறிக்கையை மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, சொந்தப் பை. பெற்றோருக்கு அனுப்புவது, தவணை, சேமிப்பு, போக்குவரத்து, உடை ஆகியவை. இது சம்பளக் கணக்கே.

மூன்றாவது, விளையாட்டுப் பை. மாதத்தொடக்கத்தில் ஒரு தொகையை முடிவு செய்து, அதை வேறு ஒரு கணக்கிலோ, விளையாட்டு அங்காடியின் முன்கட்டண இருப்பிலோ வைத்துவிடுவது. அது தீர்ந்தால் அடுத்த மாதம் வரை காத்திருப்பது. சம்பளக் கணக்கின் அட்டை விவரம் எந்த விளையாட்டுச் செயலியிலும் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியோர். ஆற்றில் போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிறு தொகைகளின் பெருக்கம்

அறிக்கையில் இருந்த அந்தப் பதினொரு சிறு வரிகளைப் பார்த்து நம் வாடிக்கையாளரே வியந்தார். நான்கைந்து முறை வாங்கியதாகத்தான் அவருக்கு நினைவு. இதற்கு ஒரு காரணம் உண்டு. விளையாட்டுக்குள் பொருள்களின் விலை ரூபாயில் இருப்பதில்லை, நாணயங்களில் இருக்கிறது. ஓர் ஆடையின் விலை 900 நாணயம் என்று வைத்துக்கொள்வோம். நாணயங்களோ 500, 1,200 என்ற கட்டுகளாகவே கிடைக்கும். 500 கட்டு இரண்டு வாங்கினால் 100 மிஞ்சும். அந்த 100 வீணாகக் கூடாது என்பதற்காக மீண்டும் ஒரு கட்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ரூபாய் மதிப்பை ஒரு தாளில் குறித்துக்கொள்வதே இதற்கு எளிய மாற்று.

மாதச் சந்தாக்களுக்கும் கவனம் தேவை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாம் ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் பற்றுகளுக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு கேட்கப்படுவதில்லை. ஆனால் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்பு வரும். பலர் அதைப் படிக்காமலே தள்ளிவிடுகின்றனர். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், நடைமுறையிலுள்ள ஒப்புதல்கள் அனைத்தும் தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். நம் வாடிக்கையாளர் எட்டு மாதமாகத் தொடாத ஒரு விளையாட்டின் சந்தாவை என் முன்னிலையிலேயே நீக்கினார்.

சச்சரவுகளை அளந்து பார்த்தல்

வீட்டில் வேறு மனக்கசப்புகளும் இருந்தன. மின்கட்டணம் விளையாட்டினால்தான் உயருகிறது என்பது ஒன்று. கணக்கிட்டோம். விளையாட்டுக் கணினி 400 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, நாள்தோறும் 3 மணி நேரம் இயங்குகிறது என்றால், நாளொன்றுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 216 ரூபாய். பல மாதங்களாக நீடித்த முணுமுணுப்பின் மதிப்பு அவ்வளவுதான். அதைத் தாம் கூடுதலாகத் தருவதாக அவரே முன்வந்தார்.

இணைய வேகம் குறைகிறது என்பது இன்னொன்று. நண்பர்களோடு விளையாடுவதற்குப் பொதுவாக அதிகத் தரவு தேவைப்படுவதில்லை. புதிய விளையாட்டைத் தரவிறக்குவதுதான் இணைப்பை முழுவதும் விழுங்குகிறது. 100 ஜிபி அளவுள்ள விளையாட்டை, நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்க ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். அதை நள்ளிரவுக்குப் பின் செய்வதென்று முடிவாயிற்று.

மூன்றாவது, ஓசை. கேரள நண்பர் காலை 6 மணிப் பணிமுறைக்குச் செல்பவர். இரவு 11 மணிக்கு மேல் அடுத்த அறையில் எழும் உற்சாகக் குரல் அவருடைய உறக்கத்தைக் கெடுத்து வந்தது. இதற்கு ரூபாயில் விலை இல்லை. வார நாள்களில் 11 மணியோடு நிறுத்துவது, சனிக்கிழமை மட்டும் விதிவிலக்கு என்று பேசி முடித்தனர். கணக்கில் அடங்குவனவற்றைக் கணக்கிட்டுத் தீர்த்துவிட்டால், அடங்காதவற்றைப் பேசித் தீர்க்க மனம் இடம் கொடுக்கிறது.

ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் வேண்டும்

அவர்கள் கொடுத்திருந்த முன்பணம் ஐந்து மாத வாடகை, அதாவது 1,80,000 ரூபாய். ஆளுக்கு 60,000. ஒப்பந்தத்திலோ ஒருவர் பெயர் மட்டுமே இருந்தது. அன்று சினம் மேலிட்டு இருவர் வெளியேறியிருந்தால், தம் 60,000 ரூபாயைக் கேட்பதற்கு அவர்களிடம் எந்த எழுத்துச் சான்றும் இல்லை. வீட்டைப் பகிரும் அன்பர்கள் மூன்று செய்திகளை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒப்பந்தத்தில் அனைவரின் பெயர், முன்பணத்தில் ஒவ்வொருவரின் பங்கு, ஒருவர் விலகினால் அவருடைய பங்கை யார், எத்தனை நாள்களுக்குள் தருவது என்பது.

இதில் வரிப் பயனும் உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி பெறுவோர், தாம் உண்மையில் செலுத்தும் பங்கிற்கு விலக்குக் கோரலாம். அதற்கு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி வாடகை ரசீது தேவை. ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. எனவே இவர்கள் மூவருக்கும் இது பொருந்தும்.

மலிவு விலை நாணயங்கள்

விளையாட்டு ஆர்வலர்களைக் குறிவைக்கும் மோசடிகளும் உள்ளன. பாதி விலையில் நாணயம் தருவதாகவும், அரிய ஆயுதம் பரிசாகக் கிடைத்திருப்பதாகவும் வரும் இணைப்புகளைத் தொடவே கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் உடனே வங்கிக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் நேர்ந்த மோசடியை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த நெறி. ஆனால் ரகசிய எண்ணை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்மையே சாரும்.

பின்னர் நடந்தது

அன்றே ஆந்திர நண்பர் தம் சேமிப்பிலிருந்து 16,100 ரூபாயைக் கொடுத்து அம்மாத வீட்டுக் கணக்கை நேர் செய்தார். மாதம் 4,025 ரூபாய் வீதம் நான்கு மாதங்களில் திருப்பித் தருவதென்று என் மேசையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டனர். நம் வாடிக்கையாளர் தம் 48,000 ரூபாயை இப்படிப் பிரித்துக்கொண்டார்: வீட்டுப் பங்கு 15,500, பெற்றோருக்கு 10,000, மடிக்கணினித் தவணை 6,200, தொடர் வைப்பு 5,000, விளையாட்டு 3,000, எஞ்சிய 8,300 சொந்தச் செலவுக்கு. முதல் நான்கு மாதங்கள் தொடர் வைப்புக்கு உரிய தொகை கடனைத் தீர்க்கச் சென்றது. ஐந்தாம் மாதம் அவர் வைப்புக் கணக்கைத் தொடங்க வந்தார். வீட்டுக் கணக்கின் அறிக்கை மாதந்தோறும் மூவருக்கும் செல்கிறது என்றும், அதை இப்போது யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்பிக்கை திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

விளையாடுவதை அவர் விடவில்லை. விடச் சொல்லி நானும் கூறவில்லை.

வாசகர்களுக்குப் பயிற்சி

1. இன்று தங்கள் கணக்கில் தெரியும் இருப்பை எழுதுங்கள். அதிலிருந்து பிறருக்கு உரியதையும், இம்மாதம் கட்டாயம் செலுத்த வேண்டியதையும் கழியுங்கள். மீதமே தாங்கள் செலவிடத்தக்க தொகை.

2. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியைத் திறந்து, கடந்த இரண்டு மாதங்களில் தாங்கள் பயன்படுத்தாத சந்தா ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள்.

3. தங்கள் பொழுதுபோக்கு எதுவாயினும், அதற்கு மாதம் எவ்வளவு என்று ஊகித்து ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர்க் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு 500 ரூபாய்க்கு மேல் இருந்தால், அதற்கும் ஒரு தனிப் பை தேவை என்று கொள்ளலாம்.